ஒரே வூட்டுக் காய்ச்சல்

கோபம் அடங்கிய பிறகு எழுது என்றார் என் வீட்டுக்காரர். அடங்கிவிட்டால் நான் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு, தையல் மிஷின் மேசையை ஒழித்துவிட்டு, அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. பென்னாகரம் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயரை எழுதினால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவுக்கு வம்பு வரும், அதனால் வேண்டாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நாலு பேர். வீட்டுக்காரர் செல்வராஜ், மினி லாரியில் ஓசூருக்குத் தக்காளி லோடு அடிக்கிறவர். மகன் கார்த்திக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருதடவை வருவான். மருமகள் பவித்ரா என்னோடு இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் பட்டியில் கொஞ்சம் வெள்ளாடுகள். ஆடுகளைக் கடைசியில் சொன்னேன் பாருங்கள், என் உடம்பின் கதையே இந்த இடத்தில்தான் கோணிக்கொண்டு போனது.

பங்குனி வெயிலில் ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருப்பேன். பொழுது சாய்ந்தால் குளிர் எடுக்கும், பிறகு காய்ச்சல். விடிவதற்குள் புடவையைப் பிழியலாம், அப்படி வேர்க்கும். கூடவே இடுப்புக்கு மேலே ஒரு வலி, குனிந்தால் நிமிர விடாது, நிமிர்ந்தால் குனிய விடாது. சோறு பார்த்தாலே வெறுப்பு. எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஒரு சின்னப் பையன் டாக்டர். மேசைக்கு மேலே எங்கள் சீட்டுகள், மேசை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளே அவனுடைய பரீட்சைப் புத்தகம். மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறானாம். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது.

"என்னம்மா?"

"சாயங்காலமானா காய்ச்சல் வருதுங்க சார். ராத்திரிக்கு வேர்த்து ஊத்துது. இடுப்பு கழண்டு போவுது."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டெய்லருங்க."

"ஒக்காந்தே தைக்கறீங்க, அதான் இடுப்பு வலி. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிருக்கேன். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். ஒரு ரவிக்கைக்குக் கழுத்து அளவு எடுக்கவே நான் இதைவிட அதிக நேரம் எடுப்பேன். அவன் கெட்ட பையன் இல்லை. பார்க்க வேண்டிய கூட்டம் அப்படி. ஆனாலும் அவன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய்.

மாத்திரை தீர்ந்தது, காய்ச்சல் தீரவில்லை. பென்னாகரத்தில் ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வாரம் தெம்பாக இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. தருமபுரியில் நுரையீரல் டாக்டரிடம் போனேன். சாயங்காலக் காய்ச்சல், வேர்வை என்றதும் காசநோய் என்று சந்தேகப்பட்டார். சளி பரிசோதனை, மார்புப் படம் எல்லாம் எடுத்தார்கள். "என் பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். சோறு இறங்கவில்லையே என்று வயிற்று டாக்டரிடம் அனுப்பினார். தொண்டை வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் பார்த்துவிட்டு அவரும், "என் பக்கம் க்ளீன்" என்றார்.

என் பக்கம், என் பக்கம் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் கை வெட்டி, ஒருவர் கழுத்து வெட்டி, ஒருவர் இடுப்புப் பட்டி வெட்டித் தந்தால் ரவிக்கை ஆகிவிடுமா? போட்டுக்கொள்கிற ஆளை நிறுத்தி அளவெடுத்தது யார்? ஒருத்தரும் இல்லை. எல்லா இடத்திலும் காத்திருந்தது மட்டும் நான் முழுசாகத்தான் காத்திருந்தேன். இரும்பு நாற்காலி, சுவரில் ஓடும் டிவி, டோக்கன் கூப்பிடும் பெண்ணின் அலுத்த குரல். எல்லா வெயிட்டிங் ஹாலும் ஒரே வெயிட்டிங் ஹால்தான்.

கடைசியில் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர், பெரிய பெயர் உள்ளவர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நீளமான குழாய்க்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். டமார் டமார் என்று சத்தம், யாரோ தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. அசையக்கூடாது. எனக்கு உள்ளே போனதும் மூச்சு முட்டி, "எடுங்கப்பா என்னை" என்று கத்தினேன். வெளியே இழுத்துப் போட்டுத் திட்டினார்கள். என் வீட்டுக்காரர் வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இங்கதான் நிக்கறேன், விரல உடமாட்டேன், போ" என்றார். அந்த ஒரு விரலின் தைரியத்தில் படுத்து முடித்தேன்.

முதுகெலும்பில் இரண்டு எலும்புக் கட்டைகளுக்கு நடுவே வீக்கம் இருக்கிறது என்றார்கள். அதற்கு என்ன காரணம் என்று சொல்லவில்லை. தேய்மானமாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம். சில நாள் அங்கேயே படுக்க வைத்து வலிக்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வந்து சொன்னதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க. வீட்டுல மருமக இருக்காங்கல்ல?"

"இருக்குதுங்க சார்."

"அப்புறம் என்ன? வேலை எல்லாத்தையும் அவங்ககிட்ட விட்டுடுங்க."

மருமகளுக்கு என்ன வயது, எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். எந்த வேலையை விடச் சொல்கிறோம் என்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நான் கட்டிலை விட்டு இறங்கினால் போதும், "டாக்டரே சொல்லிட்டாரு, படு" என்பார்.

பவித்ராவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சத்தமாகப் பேசாத பெண். நான் கத்துகிற கத்தலுக்கு அவள் சிரிப்பாள், அவ்வளவுதான். என் முதுகுக்குத் தினமும் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். களி கிண்டினால் எனக்கு மட்டும் தனியாகக் குழைய எடுத்து வைத்தாள். கடைக்குப் போய், வருகிறவர்களுக்கு ஹூக் தைத்துக் கொடுத்தாள். சாணி அள்ளினாள், பட்டி கூட்டினாள், ஆடு கறந்தாள். வாந்தி எடுப்பாள், வாயைக் கழுவிக்கொண்டு திரும்பவும் பட்டிக்குள் போவாள்.

அப்போதுதான் செவலை ஆடு குட்டி போட நின்றது. சினை நிறைவதற்கு முன்பே கத்தி முறுக்கியது. நான் எழுந்தேன்.

"அத்தை, நீங்க எந்திரிக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு என்னா தெரியும்? இழுக்கத் தெரியுமா?"

"அங்கேருந்தே சொல்லுங்க அத்தை, செய்யறேன்."

பின்வாசல் பக்கம் போட்ட கட்டிலில் படுத்தபடி நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். வெறும் கைதான். இதற்கெல்லாம் கையுறை போட்டு யார் பார்த்திருக்கிறார்கள்? குட்டியை இழுத்தாள், நஞ்சுக்கொடியை அள்ளினாள், குழி தோண்டிப் புதைத்தாள். முழங்கை வரை ரத்தத்தோடு வந்து நின்று, "குட்டி செத்துப் பொறந்திருக்குது அத்தை, வீசிடுச்சு" என்றாள். எங்கள் பக்கம் ஆடு மாடு நாள் நிறையாமல் போட்டுவிட்டால் வீசிவிட்டது என்போம். எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே, மாசி கடைசியில் இன்னொரு ஆடும் வீசியிருந்தது. அதற்குக் கை வைத்துப் பார்த்தது நான். ஆட்டுக்குச் சூடு பிடித்திருக்கும் என்று நினைத்தோமே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து பவித்ராவுக்குக் காய்ச்சல். சாயங்காலம் வரும், விடிகாலையில் வேர்த்து இறங்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எங்கள் சுகாதார நிலையத்தில் அவர்களுக்குத் தனி வரிசை, தனி அறை. எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் வருகிறது என்றாள். "மாசமா இருந்தா ஒடம்பு சூடாத்தான் இருக்கும், எளநீர் குடி" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த செவ்வாயும் அதே பதில்.

இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஆட்டோவில் வந்தோம். ஒரே வாசலில் இறங்கினோம். அவள் இந்தப் பக்க வரிசை, நான் வலி மாத்திரைக்கு அந்தப் பக்க வரிசை. ஒரே காய்ச்சல். நடுவே ஒரு சுவர். அந்தக் கட்டடத்தில் ஒரு ஆளுக்கும் நாங்கள் ஒரே வூடு என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அதற்குள் அந்தச் சின்ன டாக்டருக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நஸ்ரின் என்று பெயர். தருமபுரி டவுனில் பாத்திரக் கடைக்காரர் மகள். வந்த சில நாளிலேயே ஊர் அவருக்கு 'லேட் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டது. வரிசை நகராதாம். "இந்தம்மா மருந்து குடுக்காம ஊர்க்கதை கேக்குதுடா" என்று எனக்கு முன்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். நானும் அந்த வரிசையில் நின்று முனகியவள்தான், முதுகு வலிக்காமல் இருக்குமா?

என் முறை வந்தது. நான் கொண்டுபோன ஸ்கேன் பையை நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இத அப்புறம் பாக்கறேன்மா. மொதல்ல நீங்க சொல்லுங்க."

சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். டெய்லர் என்றேன்.

"அது கடையில. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் உங்க கை என்னென்ன தொடும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முதுகு வலிங்கறேன், நீங்க கையக் கேக்கறீங்களே?"

அவர் சிரித்தார். "கோவிச்சுக்குங்க, ஆனா சொல்லுங்க."

வாசல் தெளிப்பது, தண்ணீர் பிடிப்பது, பட்டி கூட்டுவது என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். பட்டி என்றதும் நிறுத்தினார்.

"ஆடு இருக்கா? வேலை கேட்டப்ப சொல்லலியே?"

"அது வேலையாங்க? வூட்டுல கெடக்குது."

"குட்டி போட்டா யார் பாக்கறது?"

"நான்தாங்க. இப்ப எனக்கு முடியலன்னு மருமவ பாக்குது."

"ஏதாவது ஆடு வீசுச்சா?"

டவுனில் பிறந்த டாக்டரம்மா வாயில் அந்தச் சொல் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ரெண்டு வீசிச்சுங்க. ஒண்ணு நான் பாத்தேன், ஒண்ணு அது பாத்துது."

பேனாவைக் கீழே வைத்தார். "வூட்டுல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"மருமவளுக்கு இருக்குது. ஆனா அது மாசமா இருக்கறதால வர்ற காய்ச்சலுங்க, வேற."

"யாரு சொன்னது?"

"இங்கதாங்க சொன்னாங்க."

"அவங்க எங்க இப்ப?"

நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். "அதோ, அந்த வரிசையில நிக்குது பாருங்க, பச்சப் பொடவ."

அந்த அம்மா எழுந்தார் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப் மேசையில் இடித்துக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள், "அட, இது எங்க போவுது?" என்று சத்தம் போட்டார்கள். அவர் வரிசைக்குள் புகுந்து பவித்ராவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பவித்ரா என்னமோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து என்னைப் பார்த்தாள்.

அவர் சந்தேகப்பட்டது ஆடு மாடுகளுக்கு வருகிற ஒரு கிருமியை. கால்நடை ஆஸ்பத்திரியில் கன்று வீச்சு நோய் என்பார்கள், மனிதருக்கு வந்தால் புருசெல்லோசிஸ் என்று பெயர். வீசிய ஆட்டின் ரத்தத்தில், நஞ்சுக்கொடியில், காய்ச்சாத பாலில் இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். ஏறி இறங்கும் காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி. நாளானால் முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு உட்கார்ந்திருந்தது அதுதான். கர்ப்பிணிக்கு வந்தால் கருவையும் தொடும். ஆட்டுக்குச் செய்ததை மனுஷிக்கும் செய்யும். அவர் இதை எனக்குத் தனியாக, மெதுவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவரே போன் போட்டு உள்ளே இருந்த டாக்டர்களிடம் பேசினார். ரத்தம் எடுத்து ஒரு புட்டியில் ஊற்றி வைப்பார்கள், கிருமி வளர்கிறதா என்று நாள் கணக்கில் பார்ப்பார்கள். அதற்குக் காத்திருக்காமல் இன்னொரு ரத்தப் பரிசோதனையை வைத்தே மருந்தை ஆரம்பித்தார்கள். எனக்குத் தினமும் இடுப்பில் ஊசி, கூடவே மாத்திரை. அதில் ஒரு மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் போகும். முதல் நாள் பார்த்துவிட்டு ரத்தம் என்று அலறினேன், வார்டே சிரித்தது. பவித்ராவுக்கு அந்த ஊசி ஆகாது, குழந்தைக்குக் கெடுதல், அதனால் மாத்திரை மட்டும்.

நான் கீழே பொது வார்டில், அவள் மாடியில் பிரசவ வார்டில். திரும்பவும் ஒரே வூடு இரண்டு இடத்தில். என் வீட்டுக்காரர் லோடு எல்லாவற்றையும் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். ஒரு தூக்கில் எனக்குக் களியும் கீரையும், இன்னொன்றில் அவளுக்கு இட்லி. பிரசவ வார்டுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். அவர் படிக்கட்டில் நின்று யாராவது ஒரு பெண் வந்தால், "அம்மா, பச்சப் பொடவ பவித்ரா, அதுகிட்ட இதக் குடுத்துடுங்க. மாமனார் கீழதான் நிக்கறாருன்னு சொல்லுங்க" என்று கெஞ்சுவார். அவள் அந்தப் பச்சைப் புடவையை அவிழ்த்து வேறு கட்டி எத்தனையோ நாளாகியிருந்தது, இவருக்குத் தெரியாது. கார்த்தி லீவு போட்டு வந்து என் தலையை வாரிவிட்டான். பின்னல் கோணலாக இருந்தது. நான் அவிழ்க்கவில்லை.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். மாடிக்குப் போக வேண்டிய இட்லித் தூக்கு திறக்காமல் அவர் கையிலேயே இருந்தது.

"போயிடுச்சு கஸ்தூரி" என்றார்.

ஐந்தாம் மாதம். என்னைச் சக்கர நாற்காலியில் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பவித்ரா அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடியே, "செவலை மாதிரியே ஆயிடுச்சு அத்தை" என்றாள். என் ஜன்மத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் அதைவிடக் கொடுமையானது இல்லை. ஐயோ, அந்தப் பிள்ளை அதை எப்படிச் சொன்னாள்!

நஸ்ரின் டாக்டர் சாயங்காலம் டூட்டி முடித்து பஸ் பிடித்து வந்தார். எனக்கு யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது, அவர் மேல் பாய்ந்தேன்.

"நீங்க மட்டும் ஏன் கேட்டீங்க? மத்தவங்க ஏன் கேக்கல? அவங்களும் டாக்டருக்குத்தான படிச்சாங்க?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படிச்சாங்கம்மா. நானும் அதே படிப்புதான். காலேஜ்ல எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில, படுக்கையில கெடக்கற நோயாளியத்தான் காட்டுவாங்க. எலும்பு வார்டுல எலும்பு, நெஞ்சு வார்டுல நெஞ்சு. சொல்லிக் குடுக்கற எல்லாருமே ஸ்பெஷலிஸ்ட். உங்க ஊர் மாதிரி எடத்துல ஒக்காந்து முழு ஆளப் பாக்கற டாக்டர் ஒருத்தர்கூட எங்களுக்கு வாத்தியாரா வரல. கிராமத்துக்கு சில வாரம் கூட்டிட்டு போவாங்க. பாதிப் பேரு நுழைவுத் தேர்வு புக்கோட போவாங்க."

"அப்ப நீங்க?"

"நான் அப்புறம் மூணு வருஷம் குடும்ப மருத்துவம் படிச்சேன். கொழந்தை, பிரசவம், சர்க்கரை, மனசு, எல்லா எடத்துலயும் மாத்தி மாத்தி வேலை செய்யணும். நோயாளி எந்த வூட்டுல இருந்து வர்றாங்க, அங்க யாரு இருக்காங்க, என்ன தொழில்னு கேக்கறதே ஒரு பாடம். எங்க சார் ஒருத்தரு, கேஸ் சொல்றப்ப வூட்டப் பத்தி சொல்லலன்னா வெளிய போன்னு தொரத்துவாரு."

"எல்லாரும் அத படிக்கறதுக்கு என்னவாம்?"

"அத படிக்கறேன்னு சொன்னப்போ, வேற சீட்டு கெடைக்கலையான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. என்ன டாக்டர்னு வெளிய சொல்றதுன்னு எங்க அத்தா இன்னும் கேக்கறாரு. இந்தப் படிப்புக்குன்னு இங்க தனியா போஸ்ட்டும் இல்லம்மா. படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் ஒரே நாற்காலி, ஒரே கூட்டம்." பையை எடுத்துக்கொண்டார். பிறகு, "நான் ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்துவிட்டார்.

இதயத்துக்கு டாக்டர், நரம்புக்கு டாக்டர், காது மூக்குக்கு டாக்டர் என்று போர்டு மாட்டாத தெரு இல்லை. முதலில் போய் நிற்கிற இடத்தில் உட்காருகிற டாக்டரைத் தயார் செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லையா? அந்த நாற்காலியை மேலே போகிறவர்கள் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுப் போகிற பெஞ்சாக வைத்திருக்கிறார்களே, அங்கே வந்து நிற்கிற நாங்கள் மனுஷர் இல்லையா?

வீட்டுக்கு வந்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள், "தலச்சன் தங்கல, அவ ராசி" என்றார்கள், பவித்ராவின் காதுபடவே. "ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கேள்வி கேக்காத டாக்டருங்க ராசி" என்று கத்தி எல்லோரையும் வெளியே அனுப்பினேன். கால்நடை டாக்டர் வந்து எல்லா ஆட்டுக்கும் ரத்தம் எடுத்தார். நோய் இருந்த ஆடுகள் போயின. மற்றவற்றுக்கு இப்போது கையுறை போட்டுத்தான் பார்க்கிறோம், பாலைக் காய்ச்சாமல் தொடுவதில்லை.

முதுகைக் காட்ட சேலத்துக்குத் திரும்பப் போக வேண்டியிருந்தது. அந்த எலும்பு டாக்டர் புதுப் படத்தைத் தூக்கிப் பார்த்து, "வெரி குட், நல்லா ஆறிட்டு வருது" என்றார். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"ரெஸ்ட் எடுன்னு சொன்னீங்களே சார், எந்த வேலையில இருந்து ரெஸ்ட்டுன்னு கேட்டீங்களா? அந்த வேலைய மருமவகிட்ட விடச் சொன்னீங்களே, அது மாசமா இருக்குதான்னு கேட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயாம் சாரிம்மா. ஆனா நான் எலும்புதான பாக்கறேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மாத்திரை மாசக்கணக்கில் போனது. முடிந்ததைச் சொல்ல நஸ்ரின் டாக்டரைத் தேடிப் போனேன். நாற்காலியில் வேறு ஆள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. நர்ஸ் அக்கா மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "வரிச நகர மாட்டேங்குதுன்னு உங்க ஊர்க்காரங்களே மனு குடுத்தாங்க கஸ்தூரி." நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்று யார் யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். நிமிஷத்தில் ஊசி போட்டு அனுப்புகிறவன்தான் நல்ல டாக்டர் என்று நாமே பழகிவிட்டோம், பிறகு யாரை நோவது?

போன வாரம் பவித்ராவுக்கு இருமல், லேசாக ஜுரம். ஜுரம் என்றாலே இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் உயிர் இருப்பதில்லை. நானும் கூடப் போனேன். புது டாக்டரும் சின்னப் பையன்தான், இன்னும் மீசை சரியாக அடர்த்தியாகவில்லை. தலை நிமிராமல், "என்ன பண்ணுது?" என்றான். கை ஏற்கெனவே சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டது.

நான் வாயைத் திறக்கப் போனேன். பவித்ரா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். சத்தமாகப் பேசாத அந்தப் பெண், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"மொதல்ல எங்க வூட்டப் பத்தி கேளுங்க சார். அப்புறம் என்ன பண்ணுதுன்னு சொல்றேன்."

"அடுத்தாளுக்கு எடம் உடும்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவள் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அந்தப் பையன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். நர்ஸ் அக்காவைப் பார்த்தான். நர்ஸ் அக்கா, "கேளுங்க சார்" என்றார். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"சரி, சொல்லுங்க. வீட்டுல எத்தனை பேரு?"

"நாலு பேரு சார்" என்றாள் பவித்ரா. "அஞ்சா இருந்திருக்கணும்."